24 கோல் வாங்கியவன் பேசுகிறேன்



இந்த ஆண்டு மலரின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினால் வாலிபால் அணி கோப்பையோடு சிரிக்கும். கபடி அணி மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் கால்பந்து அணியின் போட்டோவைத் தேடாதீர்கள், கிடையாது. ஆறு ஆட்டம் ஆடினோம். ஆறிலும் தோற்றோம். போட்ட கோல் 3, வாங்கிய கோல் 24. அந்த 24-ஐயும் வாங்கியவை இந்தக் கட்டுரையை எழுதும் இதே கைகள்தான்! (வாங்கியவை என்பதைவிட விட்டவை என்பதே சரி. கையில் வாங்கியிருந்தால் ஏன் இந்தக் கதி?)

முதல் ஆட்டம் 0-5. பஸ்ஸில் திரும்பும்போது பாட்டுப் பாடிக்கொண்டுதான் வந்தோம். "ஃபர்ஸ்ட் மேட்ச்தானே மச்சி, விடு" என்று ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டோம். இரண்டாவது 1-4. அந்த ஒரு கோலைப் பற்றி எங்கள் சென்டர் ஃபார்வர்டு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் தூரம் ஐந்து கஜம் கூடுகிறது. மூன்றாவது ஆட்டம் 0-7. அன்று பஸ்ஸில் யாரும் பாடவில்லை.

மறுநாள் கேன்டீனுக்குள் நுழைந்தேன். "வாப்பா ஏழுமலை!" என்று ஒரு குரல். கேன்டீனே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் ஏழுமலை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது நானே திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த வாரம் தூக்கம் வரவில்லை. நான் மெக்கானிக்கல்காரன் அல்லவா, டிராஃப்டரை எடுத்து ஷீட்டை விரித்தேன். கோலின் அகலம் 7.32 மீட்டர். நேர் எதிரே 20 மீட்டரில் பந்து. பந்திலிருந்து இரண்டு கம்பத்துக்கும் கோடு இழுத்தால் ஒரு முக்கோணம். கோல் கோட்டிலேயே நின்றால் 7.32 மீட்டர் முழுவதையும் நான் காக்க வேண்டும். ஐந்து மீட்டர் முன்னால் வந்து நின்றால், அதே முக்கோணத்தின் அகலம் அங்கே சுமார் ஐந்தரை மீட்டர்தான்! அடப்பாவி, மூன்று ஆட்டமாகக் கோட்டை விட்டு நகராமல் புளியமரம் மாதிரி நின்றிருக்கிறேனே! ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு பி.டி. சாரிடம் ஓடினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. போய் நில்லு" என்றார்.

போய் நின்றேன். நான்காவது ஆட்டம் 0-4. அதில் இரண்டு பந்துகள் என் தலைக்கு மேலே சாவகாசமாகப் பறந்துபோய், பின்னால் இறங்கி, உள்ளே உருண்டன. நான் திரும்பி நின்று வேடிக்கை பார்த்தேன், வேறு என்ன செய்ய? ஆட்டம் முடிந்ததும் சார் பக்கத்தில் வந்து, சிரிக்காமல் கேட்டார்: "பிளான் போட்டே சரி. எலிவேஷன் போட்டியாடா?"

7.32-ஐப் பார்த்தவன் 2.44 மீட்டர் உயரத்தை மறந்துவிட்டேன்.

அதே வாரம் மாணவர் மன்றக் கூட்டம். அடுத்த வருடச் செலவுக் கணக்கு வந்தபோது ஒருவர் எழுந்தார். "தோத்துக்கிட்டே இருக்கிற டீமுக்கு எதுக்குங்க பஸ் காசு? அதை வேற எதுக்காவது வச்சுக்கலாமே" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். கேப்டன் என்னைப் பார்த்தான். நான் எழுந்தேன். வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். முடிவு தள்ளிவைக்கப்பட்டது.

அன்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டைமாடியில் கிளவுஸைக் கழற்றி எங்கள் ஸ்டாப்பரிடம் கொடுத்தேன். "வேற ஆளைப் பாரு மாப்ள. என்னால முடியல." அவன் சிவில். பேச்சு குறைவு. போனை நோண்டி எதையோ எடுத்து என் முன்னால் நீட்டினான். பசிபிக் கடலில் அமெரிக்கன் சமோவா என்று ஒரு சின்னத் தீவுக்கூட்டம். 2001 ஏப்ரலில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், ஆஸ்திரேலியா அவர்களுக்கு எதிராகப் போட்ட கோல் 31. முப்பத்தொன்று! ஆர்ச்சி தாம்சன் என்ற ஒரே ஆள் மட்டும் 13. பாஸ்போர்ட் சிக்கலில் அவர்களுடைய வழக்கமான ஆட்டக்காரர்கள் போக முடியவில்லை. இளைஞர் அணியிலிருந்து எடுக்கலாமென்றால் பலருக்குப் பள்ளித் தேர்வு. பதினைந்து வயதுப் பையன்களைக்கூடச் சேர்த்துக்கொண்டுதான் இறங்கினார்கள். வழக்கமான அணியில் மிஞ்சியவர் ஒரே ஒருவர், கோல்கீப்பர் நிக்கி சலாபு.

"சரி, 31 வாங்கினான். அதுக்கு என்ன இப்போ?"

"கீழ படி."

2011 நவம்பர். அதே தகுதிச் சுற்று. அமெரிக்கன் சமோவா 2, டோங்கா 1. ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டங்களில் அவர்களுடைய முதல் வெற்றி அது. கோலில் நின்றவர் அதே சலாபு. இடையில் பத்து வருடம்! கிளவுஸை என் மடியில் போட்டுவிட்டு ஸ்டாப்பர் தூங்கப் போய்விட்டான்.

ஷீட்டைத் திருப்பி, பின்பக்கம் எலிவேஷன் போட்டேன். அடிப்பவன் தலை நிமிர்ந்து, பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறானா, ரொம்ப முன்னால் போகக்கூடாது. பந்து அவன் காலை விட்டு விலகி அவன் தலை குனிகிறதா, அந்த நொடியில்தான் முன்னேற வேண்டும். ஐந்தாவது ஆட்டம் 2-3. தோற்றோம். ஆனால் தலைக்கு மேலே ஒன்றுகூடப் போகவில்லை.

ஆறாவது ஆட்டம் வெளி மைதானத்தில், கரிசல் மண், முந்தின நாள் மழை. மறுநாள் பிராக்டிகல். முடிவு எப்படியானாலும் நாங்கள் கடைசி இடம்தான். கேப்டன் போன் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனான். வந்தவர்கள் ஒன்பது பேர். ஓர் அணியில் ஏழு பேர் இருந்தாலே ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது விதி. தொடங்கினோம். பத்து நிமிடம் ஆகியிருக்கும், ரோட்டிலிருந்து ஒருவன் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான். எங்கள் லெஃப்ட் பேக்! சாயங்காலமும் லீவு நாளிலும் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன். பட்டியலில் பெயர் இருந்ததால் ரெஃபரி உள்ளே விட்டார். முழங்கைவரை கட்டிங் ஆயில். கழுவக்கூட நேரமில்லை. மீதி நேரம் முழுவதும் அவன் பக்கமாக ஒரு பந்துகூட என்னிடம் வரவில்லை. கடைசியில் ஒரு கார்னர் கிக், கூட்டத்தில் யார் தலையிலோ பட்டு உள்ளே போனது. 0-1.

சேற்றோடு உட்கார்ந்திருந்தோம். லெஃப்ட் பேக் என்னிடம் வந்தான். "ஏழுமலை, பஸ்ஸுக்குக் காசு இருந்தா குடுடா. திரும்பிப் பட்டறைக்குப் போகணும். அரை நாள் கூலியாவது மிஞ்சட்டும்."

கொடுத்தேன். மன்றக் கூட்டத்தில் அந்த நண்பர் கேட்டதற்குப் பதில் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூட்டம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

எனக்கு இது கடைசி செமஸ்டர். போன வாரம் ஒர்க்‌ஷாப் வாசலில் முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "அண்ணே, ஏழுமலை அண்ணன் நீங்கதானே? அடுத்த வருஷம் நான் கோல் நிக்கலாம்னு இருக்கேன்..." கிளவுஸைக் கொடுத்தேன். இடது கட்டைவிரல் கிழிந்திருக்கிறது, தைத்துக்கொள்ளச் சொன்னேன். ஷீட்டையும் கொடுத்தேன். விரித்து பிளானைப் பார்த்துவிட்டு "புரிஞ்சுதுண்ணே" என்று மடிக்கப் போனான்.

"திருப்பிப் பாருடா தம்பி, பின்பக்கமும் இருக்கு" என்றேன்.