பாட்டியைப் பெற்றவள் பெயர் என்ன?

உங்கள் தாத்தாவின் பெயரைக் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். அவருடைய தகப்பனார் பெயரும் தெரிந்திருக்கும். சரி, உங்கள் பாட்டியைப் பெற்றவளின் பெயர்? யோசித்துக்கொண்டே என்னுடன் நாகமலை புதுக்கோட்டைக்கு வாருங்கள்.

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில் விராட்டிபத்து, அச்சம்பத்து தாண்டியதும் வந்துவிடும். மதுரையை விழுங்க வந்த பாம்புதான் ஊரை ஒட்டி மலையாக நீண்டு கிடக்கிறது என்பார்கள். அங்கே என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். ஞாயிறு மாலைகளில் அவள் வீட்டுத் திண்ணையில் தெருப் பெண்கள் நாலைந்து பேர் கூடுவார்கள். முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியும் தன் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டும். வம்பு பேசுவதைவிட ருசியாகத்தான் இருக்கிறது!

சிநேகிதியின் முறை வந்தபோதுதான் சங்கடம். கொள்ளுத்தாத்தா ராயப்பன், பாட்டி சூசையம்மாள். பாட்டியின் அம்மா? வீட்டில் எல்லோரும் "ஆத்தா" என்றே அழைத்திருக்கிறார்கள். வேறு பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. பாட்டி பிறந்த வருஷம் 1911 என்பது மட்டும் ஞாபகம்.

மாதா கோயில் பதிவேட்டில் பார்க்கலாம் என்று புறப்பட்டோம். பாட்டி பிறந்த கிராமத்துச் சிற்றாலயத்தில் ஒன்றும் இல்லை. அந்நாளில் பல கிராமங்களுக்குச் சேர்த்து ஒரே பங்குதான். புத்தகம் தாய்ப் பங்கில் இருக்கும். அங்கே போய்ப் பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்டோம். அது யார் வேண்டுமானாலும் புரட்டும் புத்தகம் அல்ல. பாட்டியின் விவரங்களைச் சொன்ன பிறகே கொடுத்தார்.

அம்மாடி, அந்த ஏடு! பழுப்பேறி, ஓரமெல்லாம் பூச்சி அரித்து, எழுத்து முழுக்க லத்தீன். ஞானஸ்நானம் பெற்ற நாள், குழந்தையின் பெயர், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன், ஊர் என்று வரிசையாக இருக்கும். 1911-ஐ இரண்டு தடவை புரட்டினோம். சூசையம்மாள் இல்லவே இல்லை. சிநேகிதியின் முகம் வாடிவிட்டது.

பக்கத்தில் நின்ற வயதான உபதேசியார்தான் சிரித்தார். "ஏம்மா, லத்தீனிலே சூசையை எங்கே தேடுறீங்க? ஜோசெஃபான்னு பாருங்க!"

பெண்களே, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் சூசை என்றால் ஏட்டில் ஜோசஃப். ராயப்பன் பேதுரு, லத்தீனில் பெத்ருஸ். சின்னப்பன் பவுல். அருளப்பன் யோவான். சவேரி சேவியர். ஞானப்பிரகாசம் அலோசியஸ். தேவசகாயம் லாசரஸ்! தெரியாதவர்கள் தங்கள் பாட்டனைத் தாங்களே தாண்டிப் போய்விடுவார்கள். நாங்கள் இரண்டு தடவை தாண்டினோமே!

மூன்றாம் தடவை கிடைத்தது. ஜோசெஃபா, தகப்பன் பெத்ருஸ், தாய் ஜொவான்னா. அதாவது அருளாயி.

சிநேகிதி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய பெரியம்மாவின் பெயர் அருளாயி. தலைமகளுக்குப் பாட்டி தன் தாயின் பெயரையே வைத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஒரு பதிவை மட்டும் நம்பக்கூடாதென்று கலியாணப் பதிவேட்டையும் பார்த்தோம். அதிலும் ஜொவான்னாதான்.

பெண்களின் பெயர் ஏட்டில் நிற்பது புதிதல்ல. பாளையங்கோட்டையில் 1780-ஆம் வருஷத்துச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். பட்டியலில் தலைமையாக நிற்பது குளோரிந்தா என்ற விதவையின் பெயர்.

"எங்களுக்கு ஏது மாதா கோயில்?" என்கிறீர்களா? ஹரித்வாரில் பண்டாக்கள் யாத்திரை வந்த குடும்பங்களின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், பரணில் கிடக்கும் பழைய பத்திரங்களையும் கலியாணப் பத்திரிகைகளையும் பாருங்கள். ஆனால் அவற்றில் அம்மாக்களைத் தேடிப் பிடிப்பதற்குள் கண் வலித்துவிடும், சொல்லிவிட்டேன்!

ஊருக்குத் திரும்பிய மறுநாள் பக்கத்திலுள்ள கீழக்குயில்குடிக்குப் போனோம். அங்கே சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடம். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள்; கீழே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வட்டெழுத்து. அவற்றில் ஒரு திருமேனியைச் செய்வித்தவள் அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதி என்று வெட்டியிருக்கிறது.

சிநேகிதி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அச்சணந்தியின் அப்பா பெயர் என்னவாம்?"

"அதைக் கல்லில் எழுதவில்லை" என்றேன். இருவரும் சிரித்துக்கொண்டே படி இறங்கினோம்.