வந்தேறிக் காகம்

மாலையில் வெயில் தாழ்ந்ததும், பட்டர்வொர்த் துறைமுகத்தை அடுத்துள்ள எங்கள் பாகான் டாலாமில் சிறிது தொலைவு உலாவி வருவது என் நெடுநாளைய வழக்கம். ஒருபுறம் சரக்கு வண்டிகளின் ஓயாத இரைச்சல். மேற்கே, கடலுக்கப்பால் பினாங்குத் தீவின் குன்றுகள். இடையிடையே தூங்குமூஞ்சி மரங்களும், நம் வேங்கையின் இனத்ததாகிய அங்சானாவும் நிழல் பரப்பி நிற்கின்றன.

சென்ற வாரம் என் பேரனும் உடன் வந்தான். தூங்குமூஞ்சி இலைகள் குவியத் தொடங்கிய வேளை அது. தாழ்ந்த கிளையொன்றில், உடலெங்கும் புள்ளிகள் கொண்ட இளம் பறவை ஒன்று, சிறகை நடுக்கி, வாயைப் பிளந்து ஓலமிட்டுக் கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு காகம் விரைந்து வந்து அதற்கு இரை ஊட்டிற்று. அக்குஞ்சு காகக் குஞ்சன்று, குயிற்குஞ்சு!

அதற்குள் பேரன் ஒரு கல்லை எடுத்துவிட்டான். “திருட்டுக் காக்கை, தாத்தா! இதை விரட்டத்தான் வேண்டும்” என்றான். அவன் கையைப் பற்றினேன். அச்சொல் அவனுடையதன்று, பலமுறை என் வாயிலிருந்து அவன் கேட்டது. நாணம் என்னைச் சுட்டது.

காகத்தைக் கள்வனென்றும் குயிலைக் கலைஞனென்றும் கூறிப் பழகிவிட்டோம். கண்ணால் கண்டது என்ன? குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிட்டுச் செல்கிறது. காக முட்டைக்கு முன்பே அம்முட்டை பொரிந்து, முதல் இரையைப் பெற்றுக்கொள்கிறது. ‘பாடும் பெண்குயில்’ என்று பாராட்டுகிறோமே, பாடுவதோ கரிய ஆண்குயில். புள்ளி படர்ந்த பெண்குயிலின் குரல் ‘கிக், கிக்’ என்பதேயாம். கேட்டதை நம்பி, காண்பதை மறந்தவர்கள் நாம்.

நிற்க. இக்காகம் மலாயாவுக்கு வந்த வரலாறு அறியத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டு முடிவுறும் தறுவாயில், காப்பிச் செடிகளை அழித்த புழுக்களைத் தின்பதற்காக, சாம்பற் கழுத்துடைய இக்காகத்தை இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தனர். பிரேசில் காப்பி பெருகி விலை வீழ்ந்தது. காப்பித் தோட்டங்கள் ரப்பர்த் தோட்டங்களாயின. காகத்தின் வேலை போயிற்று, காகம் போகவில்லை. குப்பையை நாடி நகரங்களில் பெருகிற்று. முன்பு பெரும்பாலும் குளிர்கால விருந்தாளியாக வந்த குயிலும், வளர்ப்புத் தாய் கிடைத்தபின் இங்கேயே நிலைத்துவிட்டது. பயன் கருதி அழைத்து வரப்பட்ட காகத்தையே பின்னர் மலேசிய நகரங்களில் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினர்.

இதனை எண்ணுந்தோறும் என் பாட்டனார் நினைவு வருகிறது. அவரும் தோட்ட வேலைக்கெனக் கப்பலேற்றி அழைத்து வரப்பட்டவர்தாம். வேலை உள்ளவரை கைகள் வேண்டும். வேலை ஒழிந்தபின் ‘நீ எவ்விடத்தான்?’ என்ற கேள்வி எழும். அக்கேள்வியின் கசப்பை அறிந்த நான், ஒரு பறவையை நோக்கி அதனையே வீசியது முறையா? நாங்கள் நிழலுக்கு ஒதுங்கிய தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததன்றோ! அதனை யாரும் வந்தேறி என்று வைவதில்லை.

காகம் குற்றமற்றதென்று வாதிப்பதற்கில்லை. பிற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் அது கவர்கிறது. எச்சத்தால் தெருவைக் கெடுக்கிறது. ஆயினும் அதன் கூட்டம் பெருகக் காரணம் நாம் கொட்டும் எச்சிற்சோறேயன்றோ? இரை குறைந்தால் எண்ணிக்கையும் குறையும். உணவைத் தெருவில் இறைத்துவிட்டு, உண்ண வந்ததைச் சுடுவது அறிவுடைமையாகாது.

இவற்றையெல்லாம் பேரனுக்கு எளிய சொற்களில் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்தவன், “அப்படியானால் அந்தக் காக்கைக்குத் தெரியாதா, தாத்தா, அது தன் பிள்ளை இல்லையென்று?” என வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. அவன் கல்லைக் கீழே போட்டான்.

வீடு திரும்பியதும், வாயிலில் திறந்து கிடந்த குப்பைத்தொட்டியை முதன்முதலாக நானே சென்று மூடினேன்.