எந்த ஆட்டின் கம்பளி?

பேத்திக்கு ஸ்வெட்டர் பின்ன நூல் வாங்கப் போயிருந்தேன். மகள் குடும்பம் இருப்பது கனடாவில். எங்கள் சென்னைக் கீழ்க்கட்டளையில் மார்கழி விடியலுக்குக்கூட ஒரு மெல்லிய சால்வை போதும். “நல்ல உல்லன்மா, குழந்தைக்கு மெத்துனு இருக்கும்” என்று கடைக்காரத் தம்பி இளஞ்சிவப்புக் கண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காகிதப் பட்டையைத் திருப்பினேன். 100 சதவீதம் அக்ரிலிக்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பின்னுகிற நூலுக்கெல்லாம் இங்கே உல்லன் என்றுதான் பெயர். வீட்டுக்கு வந்து ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து விளக்கில் காட்டினேன். உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. ஆட்டு ரோமம் என்றால் தலைமுடி கருகும் வாடை வரும். சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் பெட்ரோலியத்தில் பிறந்தது. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை மெஷினில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உதிரக்கூடும் என்று 2016-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எங்கள் ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் தண்ணீர் போகும். தண்ணீரின் வழி தெரிந்தவளுக்கு அந்த இழைகளை மறக்க முடியவில்லை.

சரி, அசல் மெரினோ ஆட்டுக் கம்பளி வாங்கலாம் என்றால் அதிலும் ஒரு வலி இருக்கிறது. மெரினோவின் தோல் மடிப்பில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். அதைத் தடுக்க, குட்டியின் வால் பக்கத் தோலை அறுத்தெடுக்கும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒழியவில்லை. மியூல்சிங் என்பார்கள். புழு வைத்த ஆடும் துடித்துத்தான் சாகும், மறுக்கவில்லை. ஆனால் மடிப்புக் குறைந்த ஆடுகளாகத் தேர்ந்து வளர்க்க வழி இருக்கிறதே! நியூசிலாந்து 2018-இல் மியூல்சிங்கைத் தடை செய்துவிட்டது.

“மெஷின்ல போடற மாதிரி பின்னும்மா” என்றாள் மகள். மெஷினைத் தாங்கும் கம்பளியைப் பெரும்பாலும் குளோரினில் நனைத்து, மேலே பாலிமர் பூசித்தான் செய்கிறார்கள். மறுபடியும் பிளாஸ்டிக்.

நம் ஆடுகள்? செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் மேயும் மெட்ராஸ் சிவப்பு ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது, கறிக்கு வளர்ப்பது. திருச்சி கருங்குறும்பையின் ரோமம் முரடு, குழந்தையின் கழுத்துக்கு ஆகாது. மென்மையான ரோமம் நீலகிரி ஆட்டுக்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ முதலிய வெளிநாட்டு ஆடுகளைச் சேர்த்து உருவான இனம் அது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகம் அதைக் காத்து வருகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோவை வளர்க்கிறது. இத்தனை இருந்தும் நான் ஏறி இறங்கிய கடைகளில் நம் மலைக் கம்பளி ஒரு கண்டுகூட இல்லை. எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம்.

கடைசியில் மகளையே அங்கிருந்து வாங்கி அனுப்பச் சொன்னேன்: மியூல்சிங் செய்யாத பண்ணை என்று சான்று பெற்றது, பாலிமர் பூசாதது. விலை கூடத்தான். ஒன்றுதான் பின்னப் போகிறேன், அளவைக் கொஞ்சம் பெரிதாக வைத்து. கம்பளியைக் காற்றாட விரித்தாலே வாடை போய்விடும். எப்போதாவது கையால் அலசினால் போதும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பின்னல் ஊசி பிடிக்கும் சகோதரிகளே, அடுத்த முறை பட்டையைத் திருப்பிப் படியுங்கள். நீலகிரிக் கம்பளி இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவரும் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்.