இந்த செக் பவுன்ஸ் ஆகாது

'கேஸ் செக்' என்றதும் பி.காம். படித்த எனக்கு பேங்க் கவுன்டர்தான் ஞாபகம் வந்தது. கடைசியில் அது ஒரு குட்டித் தாமிரக் கிண்ணம்! பொம்மைக் கல்யாணத்தில் பாயசம் ஊற்றலாம், அவ்வளவுதான் சைஸ்.

டெக்ஸாஸில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் காட்டினார். ரிட்டயர்டு ஆசாமி. கராஜில் காருக்கு இடமில்லை. உருக்கும் பானை, அச்சு, கைப்பிடி வைத்த பிரஸ். தன் ரைஃபிளுக்கான குண்டுகளைத் தானே வார்த்துக்கொள்கிறார். நம்ம ஊரில் லைசென்ஸ் இல்லாமல் இதைச் செய்தால் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் கதவைத் தட்டும். அங்கே இது பொழுதுபோக்கு.

குண்டு காரீயம். (ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். குழப்பிக்கொள்ள வேண்டாம்!) 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் பிள்ளைப்பூச்சி. மருந்து எரிகிற வாயு அதைவிடப் பல மடங்கு சூடு. குண்டின் அடியை அரித்து ஓரமாகக் கசியும். ஈயம் குழாய்க்குள் அப்பிக்கொள்ளும். அப்புறம் குறியாவது, ஒன்றாவது! அதைத் தடுக்கத்தான் அடியில் இந்தத் தாமிரச் செருப்பு.

கிண்ணத்தை நேராக மாட்டி, லீவரை அழுத்தி, ஓர் எஃகுத் துளை வழியே தள்ளணும். விளிம்பு ஈயத்தைக் கவ்விக்கொள்ளும், அளவும் சரியாகிவிடும். அவருடைய .30-30 ரைஃபிளுக்கு 0.309 அங்குலம். ரவுண்ட் ஆஃப் எல்லாம் கிடையாது. கோணலாக உட்கார்ந்ததைப் பானையிலேயே திரும்பப் போட்டார். தாமிரம் மட்டும் உருகாமல் மிதந்தது.

"மூக்கு நசுங்கினா மன்னிச்சுடுவேன். பின்பக்கம் கோணினா மன்னிப்பே இல்லை. குழாயை விட்டு கடைசியா வர்றது அதுதான். வாயு ஒரு பக்கமா முந்திக்கிட்டா குண்டைத் தள்ளிவிட்டுடும்."

உலோகம் எங்கே பிடிக்கிறார் தெரியுமா? பழைய லினோடைப் அச்சு எழுத்து! காரீயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 சதவிகிதம். நல்ல கெட்டி. எந்த ஊர் தலையங்கமோ, மான் மேல் பாயப் போகிறது. எழுதிப் பிழைக்கிற எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது.

ஆறு வயசுப் பேத்தி கதவருகே எட்டிப் பார்த்தாள். "அங்கேயே நில்லு!" என்று அதட்டினார்.

ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கையிலும் துணியிலும் ஒட்டுகிற தூசிதான் வில்லன். குழந்தைகளுக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஓர் அளவே கிடையாது. மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "பானையா, பேத்தியா?"

"கடையில ரெடிமேட் குண்டு கிடைக்குமே சார்?" என்றேன்.

பதில் இல்லை. பானை ஸ்விட்சை அணைத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சோப்புப் போட்டு முழங்கை வரை மூன்று தடவை தேய்த்துக் கழுவினார். வேறு சட்டை போட்டுக்கொண்டு, அப்புறம்தான் பேத்தியைத் தூக்கினார்.