களிம்பும் தேய்மானமும்

கடைகளில் 'ஆக்ஸிடைஸ்டு' என்று சொல்லி விற்கிற கறுத்த வெள்ளி நகையில் ஆக்ஸிஜனுக்குப் பெரிய வேலை ஏதுமில்லை. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். பொட்டாஷையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கிச் செய்த, ஈரல் நிறத்திலிருக்கும் கட்டியை வெந்நீரில் கரைத்து, நகையை அதில் முக்கி எடுத்தால் மேலே வெள்ளி ஸல்பைடு படர்கிறது. பிறகு மேடான இடங்களைத் துணியால் தேய்த்துவிட்டால் கறுப்பு பள்ளங்களில் மட்டும் தங்கும். ஐந்து நிமிஷத்தில் நாற்பது வருஷம் வந்துவிடுகிறது. இந்தக் காரியத்தின் பெயரிலேயே ஒரு பிசகு இருப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் நகைக்கடன் பிரிவு என் மேஜைக்கு எதிரில் இருக்கிறது. மதிப்பீட்டுக்கு வருகிற பத்தர் உரைகல்லையும் ஆஸிட் குப்பியையும் தவிர வேறெதையும் நம்பாதவர். சில வருஷங்களாக 'ஆன்டிக்' சங்கிலிகள், கோயில் நகை பாணி அட்டிகைகள் அடகுக்கு வருகின்றன. சுத்தத் தங்கம் கறுக்காது, 22 காரட்டிலும் அந்த அளவுக் கறுப்பு தானாக ஏறாது, ஏற்றியதுதான். பத்தர் பேசாமல் கல்லில் உரைப்பார். ஒருநாள் நானாகக் கேட்டதற்கு, "கல்லு மாத்துதான் சார் சொல்லும், வயசு சொல்லாது" என்றார். மொத்த எடையிலிருந்து கல், அரக்கு, அழுக்கு ஆகியவற்றைக் கழித்து நிகர எடை போட வேண்டும். ஏற்றிய பழமை, அங்கே அழுக்குக் கணக்கில் போகிறது. இலக்கியத்தில் நமக்கு அப்படியொரு பத்தி இல்லை. நாம் அதைச் செய்நேர்த்தி என்றோ மரபு என்றோ எழுதி, எடையோடு சேர்த்துக்கொள்கிறோம்.

இதை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம், என் சிநேகிதர் ஒருவரின் கவிதைக் கையெழுத்துப் பிரதி. முப்பத்தெட்டுக் கவிதைகள். என் முன்னுரையோடு வர வேண்டும் என்கிறார். பத்துப் பன்னிரண்டு வருஷங்களாக ஒருவர் எழுத்தை மற்றவர் முதலில் படித்து வந்திருக்கிறோம். அவருடைய முதல் தொகுதி வறண்ட, குரல் உயர்த்தாத, பஸ் ஸ்டாண்டுத் தமிழில் எழுதப்பட்டது. புதிய பிரதியில் பஸ் ஸ்டாண்டு 'கவலை' ஆகியிருக்கிறது. கவர்த்த வழி என்ற பழைய பொருளில். ஆஸ்பத்திரி வராந்தாவில் அளபெடைகள் நடமாடுகின்றன. மரபோடு உறவை மீட்டுக்கொண்டதாக அவர் நம்புகிறார். நம்பிக்கையில் பொய் இல்லை. அதுதான் என் சங்கடம்.

உலோகத்துக்கு வயதாவது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். செம்போ வெண்கலமோ காற்றுப் பட்டதும் முதலில் மங்கி, உலோகத்தை ஒட்டி ஒரு செந்நிற ஆக்ஸைடு படலம் உண்டாகிறது. குப்ரைட் என்பது இதுதான். அதற்கு மேல், ஈரமும் கரியமில வாயுவும் கிடைக்கிற இடத்தில் மாலகைட் என்னும் பச்சைக் கார்பனேட், நகரத்துப் புகைக் காற்றில் பச்சை ஸல்பேட்டுகள், கடலோரத்தில் குளோரைடுகள். எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சை உலோகத்தைக் காக்கிறது. குளோரைடு உள்ளே நுழைந்துவிட்டாலோ, ஈரம் பட்டபோதெல்லாம் வெளிறிய பச்சைத் தூளாகப் பொரிந்து உலோகத்தையே தின்னும். அருங்காட்சியகத்தார் அதை வெண்கல நோய் என்கிறார்கள். நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை 1886இல் நிறுவப்பட்டபோது செப்புக்காசின் நிறத்தில் இருந்தது. 1906 வாக்கில் பச்சை பரவிவிட்டதைப் பார்த்து வர்ணம் பூசிவிடலாமா என்று யோசித்தார்கள். ஆராய்ந்தவர்கள் அந்தப் பச்சை தகட்டுக்குக் கவசம் என்று கண்டார்கள், விட்டுவிட்டார்கள். அந்தத் தகட்டின் கனம் சுமார் 2.4 மில்லிமீட்டர்தான்.

இதையெல்லாம் அவசரப்படுத்தவும் முடியும். கும்பகோணத்துப் பக்கம் ஒரு வார்ப்புப் பட்டறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். செதுக்கி முடித்த விக்ரகத்தை நீர்த்த ஆஸிடில் கழுவி எண்ணெய்ப் பசை போக்குகிறார்கள். பர்னரால் சூடு காட்டிக்கொண்டே திராவகத்தைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைக்கிறார்கள். இரும்பு நைட்ரேட் என்றால் பழுப்பு, செம்பு நைட்ரேட் என்றால் பச்சை. மயில்துத்தம், நவச்சாரம், உப்பு, காடி இவற்றின் கலவை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு விதம். கடைசியில் தேன்மெழுகு. "எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஏத்திடக் கூடாது சார், அப்பத்தான் நம்புவாங்க" என்றார் அங்கே வேலை செய்தவர். பில்லில் புதியது என்றே எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்கு அப்புறம் அது எந்தக் கை மாறி, என்ன சொல்லி விற்கப்படும் என்பது அவர் பொறுப்பல்ல.

இப்படி ஏற்றியதைப் பிடிக்கவும் வழி உண்டு. வர்ணத்தைப் பிசினில் குழைத்துப் பூசியிருந்தால் அசிட்டோன் நனைத்த பஞ்சிலேயே வந்துவிடும். ரஸாயனத்தால் ஏற்றியதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும். நூற்றாண்டுகளாக வந்த களிம்பு மேற்பரப்பில் நிற்பதில்லை; உலோகத்தின் மணிகளுக்கு இடையே புகுந்து வேர்விட்டிருக்கும். பட்டறைப் பச்சை அநேகமாகத் தோல் மட்டத்தோடு சரி. கவிதைக்கு அசிட்டோன் எது என்று கேட்கலாம். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, தினசரிப் பேச்சின் சொல்லை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அனுபவம் அப்படியே இருந்தால் போனது வர்ணம். அனுபவமே குலைந்தால் சொல் வேர்விட்டிருந்தது என்று அர்த்தம்.

ஆனால் செயற்கையை இப்படி மொத்தமாக ஒதுக்கிவிட முடியாது. 1550இல் வெளிவந்த தன் நூலிலேயே வசாரி, வெண்கலத்துக்கு எண்ணெயால் கறுப்பேற்றுகிறவர்கள், காடியால் பச்சையேற்றுகிறவர்கள், வார்னிஷ் பூசுகிறவர்கள் என்று மூன்று வகையினரையும் குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல் குறிப்பிடுகிறார். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அது சிற்பியின் வர்ணம். ஆகவே என் கேள்வி இயற்கையா செயற்கையா என்பது பற்றியதல்ல. ஒரு பொருள் தன் தேதியை மறைக்கிறதா என்பதுதான்.

சிவபுரம் நடராஜரை எடுத்துக்கொள்ளலாம். 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த சோழர் காலத்து வெண்கலம். பழுது பார்க்கக் கொடுத்த இடத்திலிருந்து கோயிலுக்குத் திரும்பியது பிரதி. அசல் பல கைகள் மாறி, 1973இல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்து, வழக்கு நடந்து, 1986இல் இந்தியாவுக்கு வந்தது. இதில் திருட்டைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்வது, அசலும் பிரதியும் சந்தித்த இரண்டு வகைக் கண்கள். கும்பிட வந்தவன் களிம்பைப் பார்ப்பதில்லை. வாங்க வந்தவன் களிம்பைத்தான் முதலில் பார்க்கிறான்.

இதற்குக் காரணம் உண்டு. பூஜையில் இருக்கும் உற்சவமூர்த்திக்குப் பச்சை ஏறுவதில்லை. அபிஷேகம், சந்தனம், துணி, புளி, மறுபடி அபிஷேகம். மூக்கு மழுங்குகிறது, விரல்களின் கணுக்கள் கரைகின்றன. கண்கள் தேய்ந்துபோய் மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது. பச்சையோடு இருப்பவை புதைக்கப்பட்டவை. 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்புகளின்போதும் அதற்குப் பின்னும் பயந்து மண்ணுக்குள் வைத்து, வைத்தவர்களும் செத்து, மறந்துபோனவை பல இருக்கலாம். அதாவது அந்த அழகிய பச்சை, மனிதக் கை படாமலிருந்த காலத்தின் அளவு. பழமையில் இப்படி இரண்டு தினுசு இருக்கிறது. ஒன்று புழங்கித் தேய்ந்தது. மற்றது கிடந்து பச்சையேறியது. அருங்காட்சியகமும் சந்தையும் இரண்டாவதை மேலானதாக மதிக்கின்றன. நாமும் மொழி விஷயத்தில் அப்படித்தான் இருக்கிறோம் என்று எனக்குச் சந்தேகம். அகராதியிலிருந்து தோண்டியெடுத்த சொல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம். வாயில் தேய்ந்த சொல்லுக்கு வயதே இல்லை என்று நினைக்கிறோம்.

சைவ சித்தாந்தம் களிம்பை வேறு விதமாகப் பார்த்திருக்கிறது. செம்பில் களிம்பு போல ஆணவமலம் ஆன்மாவோடு என்றைக்குமே கூட இருப்பது. வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல. ரஸாயன அறிவுக்கு இது ஒத்துவராது என்று யாராவது சொல்லலாம். உலோகத்தைக் கவனமாகப் பார்த்த ஒருவன் சொன்ன உவமை இது என்றுதான் எனக்குப் படுகிறது. எவ்வளவு தேய்த்தாலும் மறுவாரம் பச்சை வரும் என்பதை விளக்கு தேய்க்கிற எந்தப் பெண்ணும் அறிவாள். களிம்பு ஏறுவது செம்பின் சுபாவம். அதற்கு யாரும் உதவி செய்ய வேண்டியதில்லை. சுபாவத்திலேயே இருக்கிற ஒன்றைத் தூரிகையால் ஏற்றுவதில் உள்ள அவநம்பிக்கைதான் என் சிநேகிதரின் பிரதியில் எனக்குத் தென்படுகிறது. தன் தமிழுக்குத் தானாக வயது இருக்கிறது என்பதை அவர் நம்பாமல் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் பாட்டியின் பித்தளைச் சொம்பு ஒன்று இருக்கிறது. கல்யாணத்தின்போது பெயர் வெட்டியது. புளியின் அமிலம் கறையைக் கரைக்கிறது. மண்ணோ சாம்பலோ சேர்ந்தால் உலோகமும் கொஞ்சம் போகிறது. ஐம்பது அறுபது வருஷம் அப்படித் தேய்த்ததில் பெயரின் பாதி எழுத்துகள் இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. விரலால் தடவினால் ஒன்றிரண்டு அகப்படும். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை; வலது கை பிடிக்கும் பக்கம் அதிகம். இந்த ஒருபக்கச் சாய்வை எந்தப் பட்டறையாலும் தர முடியாது என்று சொல்லமாட்டேன். கெட்டிக்காரன் தருவான். ஆனால் அதற்கு அவன் முதலில் பாட்டியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். அவ்வளவு தூரம் யோசித்தவன் பிறகு ஏமாற்றுக்காரனாக இருப்பானா என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

முன்னுரை எழுதவில்லை என்று சிநேகிதருக்குச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், எழுதித் தருவதாகச் சொன்னேன். இந்தப் பக்கங்களை அவர் படிப்பார், வருத்தப்படுவார், சில மாதங்கள் சாயங்காலங்களில் வராமலிருப்பார். இது போன்ற பத்திரிகையைப் படிக்கிற நூறு இருநூறு பேரில் ஒருவர் குறைவது சின்ன விஷயமல்ல. ஆனாலும் முப்பத்தெட்டில் இருபத்தேழாவது கவிதையைப் பற்றி அவரிடம் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற தாயார் வாசற்படியில் நின்று அடுக்களையைத் திரும்பிப் பார்ப்பதாக ஏழு வரி. பழஞ்சொல் ஒன்றுகூட இல்லை. 'போட்டது போட்டபடி' என்ற தொடர் மட்டும் வருகிறது. எத்தனை வீடுகளில், எத்தனை சாவுச் செய்திகளுக்கு நடுவில் அந்தத் தொடரைச் சொல்லிவிட்டு ஜனங்கள் வெளியே ஓடியிருப்பார்கள். அசிட்டோன் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை.