நடக்கிறவர் முதுகுக்குப் பின்னால்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் சைக்கிளில் சுக்குக் காபி விற்கப் பழக வரும் பிள்ளைகளிடம் நான் காபியைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. சுக்கு எத்தனை, மல்லி எத்தனை, கருப்பட்டி எப்போது போடுவது என்பதை வீட்டுப் பெண்கள் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மெதுவாகச் சைக்கிள் ஓட்டக் கற்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். வேகமாக ஓட்ட ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெறுங்காலோடு ஒருவர் நடக்கிற வேகத்தில், கேரியரில் நிறை கேனை வைத்துக்கொண்டு, தரையில் கால் ஊன்றாமல், ஹேண்டில்பார் ஆடாமல் போகத் தெரிந்தவன்தான் இந்தத் தொழிலுக்கு ஆள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்தப் பாதையின் அமைப்பு அப்படி. 14 கிலோமீட்டர் சுற்றும் மலை வலக்கைப் பக்கமே இருக்கும். மலையை ஒட்டிய ஓரத்தில் சித்தர்களும் தேவர்களும் வலம் வருகிறார்கள் என்பது நம்பிக்கை. அதனால் ஜனங்கள் இடது ஓரமாக நடப்பார்கள். நம் நாட்டு வண்டிகளும் இடது ஓரம்தான். மற்ற ரோட்டில் நடக்கிறவரை வலப்பக்கம் நடக்கச் சொல்லலாம், எதிரே வரும் வண்டி கண்ணில் படும். இங்கே அப்படிச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆகவே நமக்குத் தெரிவதெல்லாம் முதுகுதான். அவர் கண் மலைமேல், வாய் நாமத்தில். நாம் வருவது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. பொறுப்பு முழுக்க மிதிக்கிறவனுடையது.

எனக்கு இதைப் பழக்கியவர் என் பெரியப்பா. முதலில் பால் கேன் கட்டி ஓட்டியவர், பிறகு காபி. கம்பி பிரேக் வைத்த பழைய இருபத்துநாலு அங்குல ஃபிரேம் சைக்கிள். அவர் இடது கையை நான் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இரண்டு விரல் எப்போதும் பின் பிரேக் மேல் கிடக்கும். பிடிக்க மாட்டார், விடவும் மாட்டார். கட்டை ரிம்மை லேசாகத் தடவிக்கொண்டே இருக்கும், கால் மிதித்துக்கொண்டே இருக்கும். இப்படிப் பிரேக்கும் பெடலும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும்போதுதான் சைக்கிள் மெதுவாகவும் போகும், நேராகவும் நிற்கும். மிதிப்பதை விட்டுவிட்டு வேகத்தைக் குறைத்தால் முன்சக்கரம் பாம்பு நெளிகிற மாதிரி நெளியும். கண்ணை முன்சக்கரத்தில் வைத்தாலும் அதேதான். நாலு ஆள் தள்ளிப் பார்க்கவேண்டும்.

பெல் விஷயத்தில் அவர் கண்டிப்பு அதிகம். பக்கத்தில் போய் அடிக்கக் கூடாது. என்னிடம் பழகிய பையன் ஒருவன், ஆணாய்பிறந்தான் பக்கம் ஒரு புருஷன் பெண்சாதிக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில் போய் கிணிகிணி என்று அடித்துவிட்டான். அவர் இடப்பக்கம் ஒதுங்கினார், அந்த அம்மா வலப்பக்கம் ஒதுங்கினார். நடுவே வழி கிடைத்துவிட்டது என்று இவன் உள்ளே நுழைந்தான். ஜோடியாய் வருகிறவர்கள் பிரிந்தால் ஒருவர் கட்டாயம் மற்றவரிடம் திரும்பி ஓடிவருவார். அந்த அம்மா ஓடிவந்தார், சைக்கிள் சாய்ந்தது, காபி தார் ரோட்டில் போயிற்று. நல்லவேளை, யார் மேலும் கொட்டவில்லை. அன்றைக்கு அவனிடம் சொன்னதையே இப்போதும் சொல்கிறேன்: பத்துப் பதினைந்து அடிக்கு முன்னாலேயே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அடி. அவர்கள் எந்தப் பக்கம் சேர்கிறார்கள் என்று பார். சேர்ந்த பிறகு மறுபக்கமாகப் போ. குடும்பத்தின் நடுவே புகுந்து போகாதே. கையைப் பிடிக்காத குழந்தை இருந்தால் இறங்கிவிடு.

பெல்லைவிட நல்லது ஃப்ரீவீல் சத்தம். சில விநாடி மிதிப்பதை நிறுத்தினால் டிக்டிக்கென்று கேட்குமே, அது யாரையும் திடுக்கிட வைக்காது. முன்னால் போகிறவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தானாக ஓர் அடி ஒதுங்குவார். சில கடைகளில் ஃப்ரீவீலில் கிரீஸை அடைத்துத் தருவார்கள். சத்தம் செத்துப்போகும். மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். ராத்திரியில் சத்தமும் போதாது. ‘சாமி, ஓரமா வர்றேன்’ என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். பெரியப்பா சாதுக்களையும் சாமி என்பார், பள்ளிக்கூடப் பிள்ளையையும் சாமி என்பார்.

ரமணாசிரமத்துக்கு வந்து தங்கும் வெளிநாட்டார் வாடகைச் சைக்கிளில் சுற்றுவதுண்டு. அவர்களில் ஜப்பான்காரர் ஒருவர் என்னிடம் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: அவர்கள் ஊரில் சைக்கிள் போகலாம் என்று விட்ட நடைபாதையிலும் மெதுவாகத்தான் போகவேண்டும், நடப்பவருக்கு இடைஞ்சல் என்றால் நிற்கவேண்டும், விலகச் சொல்லிப் பெல் அடிக்கக் கூடாது, அதுதான் சட்டமாம். பெரியப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தாண்டும்போது எவ்வளவு இடம் விடுவது? பழகுகிறவர்கள் தோளைப் பார்த்து அளக்கிறார்கள். இங்கே அது போதாது. நடந்துகொண்டே இருப்பவர் மலை உச்சி தெரிந்ததும் சட்டென்று நின்று, வலப்பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவார். நேர் அண்ணாமலை பக்கத்திலும் அடி அண்ணாமலையிலும் இது அடிக்கடி நடக்கும். நாம் தாண்டுவதும் அந்த வலப்பக்கம்தான். ஆகவே கையை நீட்டித் திரும்புகிற அளவுக்கு இடம் விடவேண்டும். செங்கம் ரோட்டில் அந்த இடம் கிடைக்காது. இடப்பக்கம் நடப்பவர்கள், வலப்பக்கம் பெங்களூர் பஸ், நடுவில் நாம். அங்கே தாண்டவே வேண்டாம். பின்னாலேயே போ. வலப்பக்கம் திரும்பி நிருதி லிங்கத்துப் பாதைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நடைபாதை கட்டியிருக்கிறார்களே என்பான் புதுப் பையன். அதில் சாதுக்கள் படுத்திருப்பார்கள், கடை பரப்பியிருப்பார்கள். நடப்பவர் ரோட்டுக்கு இறங்கத்தான் செய்வார்.

சித்திரை வைகாசிப் பகலில் இன்னொன்று. தார் கொதிக்கும்போது வெறுங்கால்காரர்கள் ரோட்டோர வெள்ளைக் கோட்டின் மேலேயே நடப்பார்கள். வெள்ளைப் பெயின்ட் தாரைவிடச் சூடு குறைவு. சைக்கிள்காரனும் அந்தக் கோட்டைப் பிடித்தே போய்ப் பழகியிருப்பான். வெயில் நேரத்தில் அந்தக் கோடு நடக்கிறவருடையது. அவரை அதிலிருந்து விலக்கினால் காலைச் சுட வைக்கிறோம் என்று அர்த்தம்.

கேனைப் பற்றிச் சொல்லவேண்டும். லாரி டியூப் வெட்டிய பட்டையால் கட்டினால் போதும் என்று நினைப்பார்கள். நிறை கேன் ஒரு தொந்தரவும் செய்யாது. பாதிக் கேன்தான் ஆபத்து. உள்ளே காபி அலம்பும். மெதுவாகப் போகையில் அந்த அலை சைக்கிளை இடமும் வலமும் இழுக்கும், அதைச் சமாளிக்க ஓட்டுகிறவன் ஹேண்டிலைத் திருப்புவான். கூட்டத்தில் அந்தத் திருப்பல் யார் மேலாவது போய் முட்டும். பாதி விற்றதும் பெரியப்பா இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். அவசரக்காரர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்திருக்கலாம்.

தள்ளுவதிலும் முறை இருக்கிறது. சைக்கிளுக்கு இடப்பக்கம் நாம் நிற்கவேண்டும். ஜனங்களும் இடப்பக்கம்தானே, அப்போது அவர்களுக்கும் இரும்புக்கும் நடுவே நம் உடம்பு இருக்கும். பெடல் முனை வெறுங்குதிகாலில் பட்டால் தோல் கிழிந்துவிடும், அப்புறம் மிச்ச தூரத்தை அவர் எப்படி நடப்பார்? என்னிடம் வருகிற சைக்கிளில் நான் முதலில் தடவிப் பார்ப்பது முனைகளை. மட்கார்டு கம்பி போல்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டி அரம் போடு. பெடல் ஓரத்தில் டியூப் ரப்பரைச் சுற்று. ஹேண்டில்பார் நுனியில் கைப்பிடி உறை போய்விட்டால் அன்றைக்கே வாங்கி மாட்டு. உறையில்லாத அந்தக் குழாய் நாலு வயசுக் குழந்தையின் முகத்துக்கு நேராக இருக்கும். கோட்டம் எடுக்காத ரிம்மில் பிரேக் கட்டை விட்டுவிட்டுப் பிடிக்கும், அதுவும் சரிப்படாது.

கார்த்திகை தீபம் மழைக்காலத்தில் வருகிறது. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பிடிக்காது. கொஞ்ச தூரம் முன்னாலேயே கட்டையை ஒட்டவிட்டுத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டால்தான் தேவைப்படும்போது நிற்கும். டைனமோ விளக்கையும் நம்பாதே. வேகமாகப் போனால் எரியும், நடை வேகத்தில் மங்கிவிடும். நமக்கு வெளிச்சம் வேண்டியதோ மெதுவாகப் போகும்போது. சின்ன டார்ச் ஒன்றைக் கீழ்நோக்கிக் கட்டு. முகத்தில் அடிக்கக் கூடாது, கால்களில் விழவேண்டும். கூட்டத்தில் கால்தான் முன்கூட்டியே சொல்லும். கல் குத்தியவர் குதிகாலைத் தூக்குவார், அடுத்த அடி பக்கத்தில் விழும். களைத்தவர் பாதத்தை இழுப்பார், சீக்கிரம் உட்காரப்போகிறார். நிறைமாதக் கர்ப்பிணி போல மெல்ல நடக்கவேண்டும் என்று ரமணர் சொன்னதாக ஆசிரமத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி நடப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்துவிட்டால் தரையில் இறங்கி நடந்துவிடு.

பௌர்ணமி ராத்திரியில் ஏறி மிதிக்கும் பேச்சே இல்லை. போலீஸ் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், ரோடு முழுக்க ஜனம். வாயு லிங்கம் தாண்டி குபேர லிங்கம் போவதற்குள் ஒரு கேன் தீர்ந்துவிடும். அங்கே நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். ஓட்டம் போகிற தடத்தைவிட்டு வெளியே, மண்ணில் ஸ்டாண்ட் போடு. குடிக்கிறவர்கள் சைக்கிளின் மறுபக்கம், ரோட்டுக்கு முதுகு காட்டாமல் நிற்கும்படி கேனின் குழாயை உள்பக்கம் திருப்பி வை. இல்லாவிட்டால் சில்லறை வாங்க நிற்கும் நாலு பேரே பின்னால் வரும் நூறு பேரை முட்டவைப்பார்கள். காலி கப்பை வாங்கிப் போட ஒரு சாக்கு கட்டு. வழுக்கி விழுகிறவர் பெரும்பாலும் அந்தக் கப்பை மிதித்துத்தான் விழுகிறார்.