கதையின் மையக்கருத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1/ நேத்து ராத்திரி ஓபி முடிச்சு வீட்டுக்கு வந்தா, பிளஸ் ஒன் படிக்கிற மகள் நோட்டும் கையுமா உட்கார்ந்திருக்கா. "அப்பா, இந்தக் கதையோட மையக்கருத்து 'மகனை இழந்த தந்தையின் சோகம்'னு எழுதினேன். மிஸ் பாதி மார்க்தான் போட்டாங்க. ஏன்?"

மிஸ் போட்டது சரிதான். ஏன்னு சொல்றேன். கூடவே நான் செஞ்ச ஒரு தப்பையும் சொல்லணும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ கதையை எழுதியவர் ஆன்டன் செகாவ். 1886இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 'மிஸரி' என்பார்கள். செகாவும் நம்ம ஆள்தான். 1884இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தவர்.

3/ கதை இதுதான். பனி கொட்டுகிற ஒரு மாலை. ஐயோனா என்ற கிழவர் குதிரை வண்டி ஓட்டுகிறார். அந்த வாரம்தான் அவர் மகன் ஆஸ்பத்திரியில் மூணு நாள் கிடந்து இறந்திருக்கிறான். யாரிடமாவது சொல்லணும் அவருக்கு.

4/ வண்டியில் ஏறிய ராணுவ அதிகாரி, எதனால் இறந்தான்னு கேட்கிறார். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கிறார். அடுத்து மூணு இளைஞர்கள். எல்லாரும் ஒருநாள் போறவங்கதானேன்னு ஒருத்தன் தட்டிவிடுறான். பேச்சுக் கொடுத்துப் பார்த்த காவல்காரர், வண்டியை நகர்த்தச் சொல்றார். தங்குமிடத்தில் தண்ணி குடிக்க எழுந்த இளம் வண்டிக்காரன், அவர் சொல்லச் சொல்லவே போர்த்திக்கிட்டுத் தூங்கிடுறான். கடைசியில் கிழவர் லாயத்துக்குப் போய், புல் மென்னுகிட்டிருக்கிற தன் குதிரைகிட்ட எல்லாத்தையும் சொல்றார். கதை முடிஞ்சது.

5/ 'மகனை இழந்த சோகம்' என்பது கதை எதைப் பற்றியது என்பதற்கான பதில். நோயாளி உள்ளே வந்ததும் "தலைவலி சார்"னு சொல்றாரே, அது மாதிரி. அது தொந்தரவு, நோய் இல்லை. அந்தத் தொந்தரவைப் பற்றிக் கதை என்ன சொல்ல வருதோ, அதுதான் மையக்கருத்து. அதனால அதை ஒரு முழு வாக்கியமா எழுதிப் பாருங்க.

6/ கண்டுபிடிக்க மூணு கேள்வி போதும். எது திரும்பத் திரும்ப வருது? கதை எங்கே போய் முடியுது? நீங்க எழுதின வாக்கியம் முக்கியமான எல்லா விவரத்தையும் விளக்குதா? நோயைக் கணிக்கவும் இதே வழிதான். ஒரு அறிகுறி விட்டுப்போனாலும் மறுபடி யோசிக்கணும்.

7/ இப்ப பாருங்க. மகன் சாவு கதை தொடங்கும் முன்னாடியே முடிஞ்சுபோச்சு. திரும்பத் திரும்ப வருவது, அவர் சொல்ல முயல்வதும் யாரும் கேட்காததும். முடிவில் குதிரை. வெறும் சோகக்கதைன்னா குதிரை எதுக்கு? 'மனுஷங்க கொடியவங்க'ன்னு எழுதினாலும் பொருந்தாது. அந்த அதிகாரியும் தூங்கிப்போன பையனும் கெட்டவங்க இல்லை. ஒருத்தருக்கு அவசரம், இன்னொருத்தனுக்கு அசதி. அப்ப வாக்கியம் இப்படி வரும்: 'துக்கத்தைவிட, அதைக் கேட்க ஆளில்லாமல் போவதுதான் மனிதனை அதிகம் நொறுக்குகிறது.'

8/ இனி என் தப்பு. (அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) சில வருஷம் முன்னாடி ஒரு பெரியவர் வந்தார். "பையன் போனதுல இருந்து தூக்கமே இல்ல சார்." வெளியில் அறுபது பேர் காத்திருக்காங்க. சீட்டு எழுதிக்கிட்டே சொன்னேன்: "இப்பதான் வீடியோ கால் இருக்கே ஐயா, தினமும் பேசுங்க." அவர் எதுவும் சொல்லலை. சீட்டை வாங்கிட்டுப் போயிட்டார்.

9/ அடுத்து நெஞ்சு படபடப்புன்னு வந்தார். அப்புறம் பசியில்லைன்னு வந்தார். ஈசிஜி, சுகர், தைராய்டு எல்லாம் நார்மல். நாலாவது தடவை அவர் உள்ளே வர்றதுக்கு முன்னாடி சிஸ்டர் மெதுவா சொன்னாங்க: "சார், அவர் பையன் பைக் ஆக்சிடென்ட்ல தவறிட்டான்."

'போனது.' முதல் நாளே, முதல் வாக்கியத்திலேயே சொல்லிட்டார். செத்துப்போன பிள்ளைகிட்ட வீடியோ கால்ல பேசச் சொன்னவன் நான்.

10/ அன்னிக்கு பேனாவை மூடி வச்சிட்டு, "பையன் பேர் என்ன ஐயா?"ன்னு கேட்டேன். இருபது நிமிஷம் பேசினார். வாசல்ல கிடக்கிற அவன் செருப்பை யாரையும் எடுக்க விடுறதில்லைன்னு சொன்னார். அன்னிக்கே தூக்கம் வந்துடலை, மனநல மருத்துவரையும் பார்க்க அனுப்பினேன். ஆனா மூணு தடவை நான் விட்ட நோயை அன்னிக்குத்தான் கேட்டேன்.

11/ அதனால கதை படிச்சாலும் சரி, வீட்டுல ஒருத்தர் ஒரே விஷயத்தை வேற வேற விதமா சொல்லிக்கிட்டே இருந்தாலும் சரி, எது திரும்ப வருதுன்னு பாருங்க.

12/ இதை மகள்கிட்ட சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்போ அந்தத் தாத்தாவுக்கு நீங்க ராணுவ அதிகாரியா, குதிரையா?"ன்னு கேட்டா.

முதல் மூணு தடவை அதிகாரிம்மா. நாலாவது தடவைதான் குதிரை.